வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஏர் கம்ப்ரஸர்: லேபிளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இது: கார், பைக் வேலைகளுக்காக வீட்டு கேரேஜில் ஒரு கம்ப்ரஸர் வைக்க வேண்டும். டயருக்குக் காற்று அடிப்பது, தூசி ஊதுவது, இம்பாக்ட் ரெஞ்சில் வீல் நட்டு கழற்றுவது, எப்போதாவது ஒரு கதவுக்கோ பம்பருக்கோ பெயின்ட் அடிப்பது ஆகியவைதான் வேலைகள். பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று 24 லிட்டர் டேங்க், ஆயில் இல்லாத டைரக்ட் டிரைவ் (மோட்டார் தண்டே பம்ப்பைச் சுற்றுவது). இன்னொன்று 50 லிட்டர் பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு பெல்ட் வழியாகப் பம்ப்பைச் சுற்றுவது). இரண்டிலும் 2 எச்பி என்றே போட்டிருக்கிறது. எது பல வருடம் தொல்லை கொடுக்காமல் ஓடும்?

பெல்ட் டிரைவை வாங்குங்கள். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு நடுவே நின்று ஆற அதற்கு நேரம் கிடைக்கும், முக்கியமான காரணம் அதுதான். வீட்டில் வைக்கும் பிஸ்டன் கம்ப்ரஸர்கள் தேய்ந்து கெடுவதைவிடச் சூட்டில் கெடுவதே அதிகம். எந்த மாடலை எடுத்தாலும் "இது எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு நேரம் நிற்கும்" என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சூடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன் காற்றை 8 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) அழுத்தும்போது காற்றே கொதிக்கிறது. ஹெட்டிலிருந்து, அதாவது சிலிண்டரின் மேல்மூடியிலிருந்து, டேங்க்குக்குப் போகும் குழாயில் 150 டிகிரி சர்வசாதாரணம். இந்தச் சூட்டில், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே வரும் கொஞ்சம் ஆயில் வால்வு பிளேட்டில் கரியாகப் படிகிறது. ரீட் வால்வு என்பது ஒரு மெல்லிய எஃகுத் தகடு, அவ்வளவுதான். அதற்கு அடியில் கடுகளவு கரி சிக்கினாலும் முழுதாக மூடாது. மூடாத வால்வு வழியாக, அழுத்தி வெளியே தள்ளிய சூடான காற்றே திரும்ப சிலிண்டருக்குள் வந்து இன்னொரு தடவை அழுத்தப்படும். சூடு இன்னும் ஏறும், டேங்க் நிரம்ப இன்னும் நேரமாகும், மோட்டார் இன்னும் அதிகம் ஓடும், கரி இன்னும் படியும். "முன்னெல்லாம் 2 நிமிடத்தில் நிரம்பியது, இப்போது 5 நிமிடம் ஆகிறது" என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு இதுதான். கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கெட், அடுத்து ரிங், கடைசியில் மோட்டார் என்று வரிசையாகப் போகும்.

காற்றின் அளவு: இரண்டு சிஎஃப்எம் இருக்கிறது

சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு. லேபிளில் 8 சிஎஃப்எம், நிமிடத்துக்கு 230 லிட்டர் என்று ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் பிஸ்டன் ஓடும் கன அளவு, அதாவது டிஸ்பிளேஸ்மென்ட். டேங்க்குக்குள் உண்மையில் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. அதை எஃப்ஏடி என்பார்கள். பிஸ்டன் மேலே முட்டும் இடத்தில் மிச்சமிருக்கும் காற்று திரும்ப விரிவதாலும், வால்வு, ரிங் கசிவாலும், சூட்டாலும் சின்ன சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே தடவையில் முழுதும் அழுத்தும்) பம்ப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். லேபிள் எண்ணை 0.65 முதல் 0.7 வரை பெருக்கினால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

லேபிளை நம்பாமல் நீங்களே கணக்குப் போடலாம். சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரம்) 46 மி.மீ., பம்ப் வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் பரப்பு 33.2 சதுர செ.மீ., அதை 4.6-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 153 மில்லி. 900 சுற்றுக்கு 137 லிட்டர். இது டிஸ்பிளேஸ்மென்ட். 0.7-ஆல் பெருக்கினால் 96 லிட்டர், அதாவது 3.4 சிஎஃப்எம். இதே சிலிண்டர் இரண்டு இருந்தால் 6.8. (1 சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர்.) விட்டமும் ஸ்ட்ரோக்கும் கேட்டலாக்கில் இருக்கும். பம்ப் வேகத்தை இரண்டு புல்லியின் விட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மோட்டார் 2850 சுற்று, மோட்டார் புல்லி 80 மி.மீ., பம்ப் புல்லி 250 மி.மீ. என்றால் 2850 × 80 ÷ 250, கிட்டத்தட்ட 910 சுற்று.

எச்பி எண்ணையும் இதே முறையில் சோதிக்கலாம். நன்றாகச் செய்த பிஸ்டன் கம்ப்ரஸர் 6 பார் அழுத்தத்தில் 1 எச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம்தான் தரும். 2 எச்பி என்று சொல்லி 10 சிஎஃப்எம் என்று போட்டிருந்தால் அது டிஸ்பிளேஸ்மென்ட், சந்தேகமே வேண்டாம். "பீக் எச்பி" (ஒரு நொடி மட்டும் எட்டும் உச்சம்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மோட்டாரின் தகட்டில் உள்ள கிலோவாட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். 1 எச்பி 746 வாட். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் கரண்டிலிருந்து எடுப்பதே 1380 வாட்டைத் தாண்டாது. அதில் சூடாகப் போவது போக, தண்டில் 2 எச்பி வர வழியே இல்லை.

அழுத்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 3 பாரில் தரும் காற்றைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 6 பார் எண்ணை விட்டுவிடுவது உண்டு. உங்கள் கருவிகள் ஓடுவது 6.2 பாரில், அதாவது 90 பிஎஸ்ஐயில். அந்த அழுத்தத்தில் எவ்வளவு என்பதே உங்களுக்குத் தேவையான எண்.

கருவி எவ்வளவு கேட்கிறது

டயருக்கும் ஆணி அடிக்கும் சின்ன நெயிலருக்கும் எந்த கம்ப்ரஸரும் போதும். தூசி ஊதும் ப்ளோ கன்னைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 2 மி.மீ. வாய் உள்ள ப்ளோ கன் 6 பாரில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் காற்றை விழுங்கும். தொடர்ந்து பிடித்தால் 2 எச்பி பம்ப் நிற்காமல் ஓடும். தூசி தட்ட 2 முதல் 3 பார் போதும், ரெகுலேட்டரை இறக்கி வையுங்கள்.

வீல் நட்டு கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கேட்டலாக்கில் 4 அல்லது 5 சிஎஃப்எம் என்று இருக்கும். அது இடைவெளி விட்டு விட்டு அடிப்பதற்கான சராசரி. டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் அது 18, 20 சிஎஃப்எம் வரை கேட்கும், நிமிடத்துக்கு 500 லிட்டருக்கு மேல். ஒரு நட்டுக்கு 3 விநாடி என்றால் 27 லிட்டர் போல. 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5.5 பாருக்கு இறங்கும்போது வெளியே தருவது 50 × 2.5, அதாவது 125 லிட்டர். நான்கு நட்டு கழன்றுவிடும். அடுத்த சக்கரத்துக்கு நீங்கள் நகர்ந்து ஜாக்கி வைப்பதற்குள், 6 சிஎஃப்எம் உண்மையாகத் தரும் பம்ப் முக்கால் நிமிடத்தில் அதை நிரப்பிவிடும். 24 லிட்டர் டேங்க்கில் அதே கணக்கு 60 லிட்டர். இரண்டு நட்டோடு ரெஞ்ச் தளர்ந்துவிடும். துருப்பிடித்து இறுகிய நட்டு என்றால் ஒன்றுகூட வராமல் "டக் டக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்ப்ரே கன்தான் கடினமான வாடிக்கையாளர். எச்விஎல்பி கன் (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) 9 முதல் 14 சிஎஃப்எம் கேட்கும், அதுவும் கன்னைப் பேனலில் ஒரு முறை ஓட்டி முடிக்கும் வரை நிறுத்தாமல். 2 எச்பி கம்ப்ரஸரில் அதை மாட்டினால் பேனலின் பாதியில் அழுத்தம் விழுந்து, துளிகள் பெரிதாகி, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு வரும். எல்விஎல்பி வகைக் கன் (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) 4 முதல் 7 சிஎஃப்எம்மில் வேலை செய்யும். ஒரு கதவு, ஒரு பம்பர் என்ற அளவுக்கு அது போதும். முழுக் கார் அடிக்கும் எண்ணம் இருந்தால் 3 எச்பி, 100 லிட்டர், எஃப்ஏடி 9 முதல் 10 சிஎஃப்எம் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அடிப்பதற்காக அதை வாங்கி இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

ஏர் சாண்டர், ஏர் கிரைண்டர், சாண்ட் பிளாஸ்டர் மூன்றையும் நம்பி வீட்டு கம்ப்ரஸர் வாங்காதீர்கள். சாண்டர் தொடர்ந்து 8 முதல் 12 சிஎஃப்எம் இழுக்கும். காற்றுக் கருவியில், மோட்டார் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. அதே வேலையை 300 வாட் மின் சாண்டர் அமைதியாகச் செய்துவிடும்.

கணக்கை இப்படி முடியுங்கள்: உங்களிடம் உள்ளதில் அதிகம் காற்றுக் குடிக்கும் கருவி சராசரியாக எவ்வளவு கேட்கிறதோ, அதைப் போல ஒன்றரை மடங்கு எஃப்ஏடி உள்ள கம்ப்ரஸர். அப்போது பம்ப் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடி, ஒரு பங்கு நேரம் நிற்கும்.

மோட்டார் தகட்டில் இன்னொரு விஷயம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. எஸ்1 என்று இருந்தால் மோட்டார் தொடர்ந்து ஓடலாம். எஸ்3 25% என்று இருந்தால், 10 நிமிடச் சுழற்சியில் இரண்டரை நிமிடம் ஓடி ஏழரை நிமிடம் நிற்க வேண்டும் என்று பொருள். ஆயில் இல்லாத சின்ன மாடல்கள் சிலவற்றில் 15% கூட உண்டு. எஸ்3 15% மாடலில் பம்பர் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எஸ்1 என்று இருந்தாலும் அது மோட்டாருக்குத்தான். பம்ப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவும் சிலிண்டரும்

நீங்கள் பார்த்த 24 லிட்டர் வகையில் மோட்டார் தண்டே பம்ப்பைச் சுற்றுகிறது. வேகம் 2850 சுற்று. டெஃப்லான் ரிங் உலர்ந்த சிலிண்டரில் அந்த வேகத்தில் உரசுகிறது. சத்தம் 90 டெசிபெல் பக்கம் வரும், சிலவற்றில் அதையும் தாண்டும். ரிங் தேய்ந்தால் கூடவே சிலிண்டரிலும் கோடு விழுந்திருக்கும். மோட்டார் போனால் தனியாக மாற்ற முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே உடம்பு. பெல்ட் டிரைவில் பம்ப் 700 முதல் 1000 சுற்றில் ஓடுகிறது, புல்லியே விசிறியாக இருந்து ஹெட்டைக் குளிர்விக்கிறது. மோட்டார் போனால் அதே அளவு வேறு மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம். ரிங் செட், கேஸ்கெட் கிட், வால்வு பிளேட் தனித்தனியாகக் கிடைக்கும் பம்ப்பாகப் பார்த்து எடுங்கள். விற்பவரிடம் "இந்த ஹெட்டுக்கு வால்வு பிளேட் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உதிரி பாகம் கையில் இல்லாத மாடலை விட்டுவிடுங்கள்.

ஆயில் இல்லாதவற்றில் "சைலன்ட்" என்று ஒரு வகை தனியாக உண்டு. 1400 சுற்று மோட்டார், இரண்டு சின்னப் பிஸ்டன், 60 முதல் 70 டெசிபெல். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் இதுதான் சரி. எச்பிக்குக் கிடைக்கும் காற்று கொஞ்சம் குறைவு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சிலிண்டர் முழுக்க வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. அலுமினிய உடம்புக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சிலிண்டர் இருப்பதை "டூ ஸ்டேஜ்" என்று சொல்லி விற்பார்கள், ஏமாற வேண்டாம். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் அது சிங்கிள் ஸ்டேஜ் ட்வின். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்து, நடுவே துடுப்பு வைத்த குழாய் ஓடினால்தான் டூ ஸ்டேஜ். பெரிய சிலிண்டர் பாதி அழுத்தி, குழாயில் ஆற வைத்து, சின்னது மீதியை அழுத்தும். 12 பார் தேவைப்படும் இடத்துக்கு அது. உங்களுக்கு 8 பார் சிங்கிள் ஸ்டேஜ் போதும். 10 பாரில் கட் ஆகும்படி பிரஷர் ஸ்விட்சை ஏற்றி வைப்பதில் லாபம் இல்லை. ஒவ்வொரு பாருக்கும் 6, 7 சதவீதம் மின்சாரம் கூடும், சூடும் கூடும், கிடைக்கும் காற்று குறையும்.

டேங்க்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து மட்டுமே வைக்கும். மிகவும் சின்னதாக இருந்தால் மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகி கெப்பாசிட்டரையும் ஸ்விட்ச் காண்டாக்ட்டையும் கருக்கும். பம்ப்புக்குப் பொருந்தாத பெரிய டேங்க் என்றால் ஒவ்வொரு தடவையும் நீண்ட நேரம் ஓட வேண்டிவரும். 2 எச்பிக்கு 50 லிட்டர், 3 எச்பிக்கு 100 லிட்டர் பொருத்தமான அளவு.

கரண்ட்: மோட்டார் எரிவதற்கு முதல் காரணம்

கம்ப்ரஸர் "உம்ம்" என்று உறுமிவிட்டு ட்ரிப் ஆனால் உடனே மோட்டாரைக் குறை சொல்வார்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரை முதலில் பாருங்கள். 2 எச்பி மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் 50 ஆம்பியர் வரை கேட்கும். 0.75 சதுர மி.மீ. ஒயர் 20 மீட்டர் நீளத்தில், போக வர சேர்த்து ஏறக்குறைய 1 ஓம். 50 ஆம்பியருக்கு 50 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது 180 வோல்ட். திருப்பு விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால் மிஞ்சுவது 60 சதவீதம். மோட்டார் சுற்றாமல் நின்று உறுமும், கெப்பாசிட்டர் வீங்கும், வைண்டிங் கருகும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அதே இடத்தில் விழுவது 15 வோல்ட்தான். ஆகவே ஒயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள். சுவரிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. லைன், எர்த்தோடு, சி வகை எம்சிபி போட்டால் ஸ்டார்ட்டிங்கில் வீணாக ட்ரிப் ஆகாது. 3 எச்பி என்றால் 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர் தனி லைன்.

ஒயர் சரியாக இருந்தும் உறுமினால் காரணம் அன்லோடர். மோட்டார் நிற்கும்போது பிரஷர் ஸ்விட்சுக்குக் கீழே உள்ள சின்ன வால்வு, ஹெட்டில் சிக்கிய காற்றை "புஸ்" என்று இரண்டு மூன்று விநாடியில் விட்டுவிட வேண்டும். விடவில்லை என்றால் அடுத்த தடவை மோட்டார் முழு அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டும், முடியாது. "புஸ்" நிற்காமல் தொடர்ந்து வந்தால் கோளாறு வேறு: டேங்க் வாயில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு மூடவில்லை, டேங்க் காற்றே திரும்பி வருகிறது. பெரும்பாலும் அதில் கரியோ துருவோ சிக்கியிருக்கும். டேங்க் காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டுக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். பலர் பிரஷர் ஸ்விட்சை மாற்றிப் பணத்தை வீணாக்குவது இங்கேதான்.

தண்ணீர்

30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நிமிடத்துக்கு 200 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 12 கன மீட்டர், அதாவது 288 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. 8 பாருக்கு அழுத்தி மறுபடி 30 டிகிரிக்கு ஆறினால் அந்தக் காற்று 40 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். மிச்சம் கால் லிட்டர் டேங்க்குக்குள் தண்ணீராக நிற்கும். அது டேங்க்கை உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், செய்வதில்லை. டேங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு திருக வேண்டிய ஒரு திருகு அங்கே இருப்பதே காரணம். வாங்கிய முதல் நாளே அதைக் கழற்றி ஒரு எல்போ, கை எட்டும் தூரத்துக்கு ஒரு துண்டு இரும்புக் குழாய், நுனியில் ஒரு பால் வால்வு போட்டுவிடுங்கள். கால் மணி நேர வேலை. டேங்க்கின் ஆயுளை இதைவிடக் கூட்டும் வேறு செலவு கிடையாது.

பெயின்ட்டுக்கு வாட்டர் செபரேட்டர் மாட்டுகிறவர்கள் அதை டேங்க் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடு, தண்ணீர் இன்னும் ஆவி, செபரேட்டர் ஆவியைப் பிடிக்காது. ஐந்தாறு மீட்டர் குழாயில் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் கிண்ணத்தில் தண்ணீர் சேரும். இல்லாவிட்டால் பேனலில் மீன்கண் போலக் குழிகள் விழும். ஹார்டனர் கலக்கும் 2கே பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வெளிக்காற்று தரும் சுவாசக் கருவி வேண்டும். அதற்கு இந்த கம்ப்ரஸர் காற்றைக் கொடுக்கவே கூடாது, அது மூச்சுக்கு உகந்த காற்று அல்ல. பெயின்ட் அடிக்கும் இடத்துக்குள்ளேயே கம்ப்ரஸரை வைக்கவும் கூடாது. பிரஷர் ஸ்விட்ச் காண்டாக்ட் ஒவ்வொரு தடவையும் பொறி விடும், தின்னர் ஆவிக்கு அது போதும்.

குழாய் போடுவதென்றால் பிவிசி வேண்டாம். சூட்டிலும் வயதிலும் நொறுங்கும் தன்மை வந்து, உடையும்போது கண்ணாடிச் சில்லு போலப் பறக்கும். செம்பு, ஜிஐ, காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாய் எதுவும் சரி. இம்பாக்ட் ரெஞ்சுக்கு ஹோஸ் உள்விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. சுருள் ஹோஸை மாட்டிவிட்டு "கம்ப்ரஸர் இழுக்கவில்லை" என்பார்கள். கேஜில் 8 பார் காட்டும், டிரிகரை அழுத்தியதும் ரெஞ்ச் வாயில் 4 பார்கூட இருக்காது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

ஓட விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 50 லிட்டர் டேங்க்குக்கு அந்த 2 பார் என்பது 100 லிட்டர் காற்று. 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 150 லிட்டர், 5.3 சிஎஃப்எம், நல்ல 2 எச்பி. 75 விநாடி ஆனால் 80 லிட்டர், லேபிள் என்ன சொன்னாலும் அது 1 எச்பி வேலை. காலி டேங்க்கிலிருந்து அளக்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் எல்லா பம்ப்பும் வேகமாகவே நிரப்பும்.

கட் ஆனதும் "புஸ்" கேட்டு அடங்க வேண்டும். கேஜைப் பார்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் டேங்க் ஆறுவதால் கொஞ்சம் இறங்கும், பிறகு நிலைக்க வேண்டும். 1 மி.மீ. ஓட்டை ஒன்றே 6 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போலக் கசியும் என்பதால் சோப்பு நுரை தடவி மூட்டுகளைப் பார்ப்பது வீண் வேலையல்ல. பிறகு டிரெயினை மெல்லத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். டேங்க்கில் 5, 6 பார் இருக்கும்போதே மோட்டார் உறுமாமல் சட்டென்று கிளம்ப வேண்டும். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள், காற்று வந்து விட்டதும் மூட வேண்டும். கடைசியாக வெள்ளைத் தாளில் ஊதிப் பாருங்கள், புது கம்ப்ரஸரில் ஆயில் புள்ளி விழக் கூடாது.

ஆயிலும் பராமரிப்பும்

கம்ப்ரஸர் ஆயில் தனி, ஐஎஸ்ஓ விஜி 100 (ஆயிலின் பாகுத்தன்மை எண்). கையேடு அனுமதித்தால் டிடர்ஜென்ட் இல்லாத எஸ்ஏஇ 30. கார் என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் உள்ள சேர்மானங்கள் தண்ணீரைப் பிரிய விடாமல் பிடித்துவைக்கும், வால்வில் கரியும் கூடும். ஆயில் அளவு காட்டும் கண்ணாடியின் சிவப்புப் புள்ளி வரை போதும், அதற்கு மேல் ஊற்றினால் ரிங்கைத் தாண்டி டேங்க்குக்குப் போகும். முதல் 50 மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றுங்கள், உலோகத் தூள் வரும். பிறகு கையேட்டில் சொன்னபடி.

வீட்டு கம்ப்ரஸருக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. தினம் இரண்டு நிமிடம் டயருக்கு மட்டும் ஓடினால் ஆயில் நிற்கும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் சூடேறாது, ஈரம் ஆயிலில் கலந்து மோர் போல வெளுக்கும். வெளுத்த ஆயிலை உடனே மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை டிரெயின் வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். அளவுக்கு மீறிப் பெரிய கம்ப்ரஸர் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்டேக் ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டுங்கள். புல்லிப் பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அது தன் சூட்டுக் காற்றையே திரும்ப ஊதும். கால்களுக்கு ரப்பர் போடுங்கள். தரையோடு இறுக்கி போல்ட் போட்டால் அதிர்வில் டேங்க்கின் வெல்டிங் விரியும்.

பழையது வாங்குவதாக இருந்தால் ஹெட்டைவிட டேங்க்கையே அதிகம் பாருங்கள். ஹெட்டுக்குக் கேஸ்கெட்டும் ரிங்கும் போட்டு எழுப்பிவிடலாம். டிரெயினைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். மஞ்சள் தண்ணீர் சகஜம். தகடு தகடாகத் துரு வந்தால் விட்டுவிடுங்கள். டேங்க்கின் அடிவயிற்றில், தண்ணீர் நிற்கும் இடத்தில், வெல்டிங் ஒட்டோ எபாக்ஸி பூச்சோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு ஊசித் துளை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு மெலிந்திருக்கும், அதன்மேல் வைத்த வெல்டிங் எதைப் பிடித்து நிற்கும்? டேங்க் நன்றாகத் தெரிந்தாலும் ஹைட்ரோ டெஸ்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கையால் அடிக்கும் பம்ப்பில் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். காற்றை வைத்துச் சோதிக்க யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய டேங்க் விரிந்தால் கசியும், காற்று நிரம்பிய டேங்க் விரிந்தால் வெடிக்கும்.